ஐந்து நாவல்களும் ஒரு ஓட்டும்

4 மார்ச்

அன்புள்ள சில்லுவுக்கு,

அக்கா எழுதுவது. பொட்டலம் வந்து சேர்ந்தது. ஐந்து நாவலும் பத்திரம், ஒன்றைத் தவிர. அந்த டிராகன் நாவலின் முதல் இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வரைபடம் உள்ள எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது சிறை விதி. "அம்மா, இது இல்லாத நாடு. இந்த ஆற்றைத் தாண்டி நான் எங்கே தப்பி ஓடப் போறேன்?" என்று கேட்டேன். தபால் சோதிக்கும் அம்மா கொஞ்சம் யோசித்தார். "விதின்னா விதிதான்" என்று சொல்லிவிட்டார். அதனால் அறுநூறு பக்கம் முழுக்க யார் எந்தத் திசையில் படையெடுக்கிறார்கள் என்றே தெரியாமல் படித்து முடித்தேன். எழுதியவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

விண்கப்பல் நாவலும் முடிந்தது. மூன்று தலைமுறையாக வானத்தில் பறக்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒரு பல்வலி வரவில்லை. மருந்துக்கடைக்காரி படிக்கிற புத்தகத்தில் இப்படியெல்லாம் எழுதினால் எப்படி? பேசும் மரங்கள் நாவல் பாதியில் இருக்கிறது. மரங்கள் நன்றாகத்தான் பேசுகின்றன. மனிதர்கள்தான் வாயைத் திறந்தால் மூடுவதில்லை.

நீ சிலாகித்த கடலடி நகரத்துக் கொலைக் கதையையும், 'பின்னால் போகும் வாக்கியம்' என்ற சின்னப் புத்தகத்தையும் கடைசிக்கு வைத்திருக்கிறேன். என் அறையில் நாங்கள் ஆறு பேர். சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்ததும் அன்று படித்த பகுதியை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது இப்போது கட்டாயம் ஆகிவிட்டது. டிராகனுக்கு மட்டும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

பார்க்க வரும்போது கிடைக்கும் பதினைந்து நிமிடத்தில் இதையெல்லாம் பேச முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் அந்தக் கரகரக்கும் போன். நீ எழுது. நீளமாக எழுது.

அன்புடன்,
அக்கா

15 மார்ச்

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவிலேயே படித்துவிட்டுச் சிரித்தேன். கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர், தான் தப்பாகப் படித்ததற்குத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார். சமாதானப்படுத்தக் கண்ணாடிக்கு ஒரு உறை இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

வாசகர் வட்டத்தில் இந்த முறை விருது நாவலுக்கான ஓட்டெடுப்பில் ஒரே பரபரப்பு. நாற்பத்தோரு உறுப்பினர், ஐந்து நாவல், ஆளுக்கு ஒரு பட்டியல். நம் செயலாளரை உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, மின்மீட்டர் கணக்கெடுக்கிறவர். அவர் விதிகளை மறுபடி வாசித்துக் காட்டினார். முதலிடத்துக்கு ஐந்து புள்ளி, அப்படியே இறங்கி ஒன்று வரை. படிக்காத நாவலுக்குக் கோடு போட வேண்டும், புள்ளி கிடையாது. முதலிடம் கொடுத்த நாவலைப் பற்றி இரண்டு வரி காரணம் எழுத வேண்டும். அந்த இரண்டு வரிகளை முடிவு சொல்லும் கூட்டத்தில் எழுதியவரின் பெயரோடு செயலாளர் உரக்கப் படிப்பார். வர முடியாத உறுப்பினர் தபாலில் அனுப்பலாம், அல்லது அவருக்காக வீட்டில் இருக்கிறவர் எழுதிக் கொடுக்கலாம். உன்னையும் உறுப்பினராகச் சேர்த்திருக்கிறேன் இல்லையா, உன் பட்டியலை எனக்கு எழுதி அனுப்பு. நான் படிவத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

என் ஓட்டு கடலடி நகரத்துக்குத்தான். கொலைகாரன் யாரென்று நடுவிலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. இயற்பியல் டீச்சர், அதுதான் என் பக்கத்து நாற்காலித் தோழி, தண்ணீர் அழுத்தக் கணக்கு தப்பு என்று மூன்று கூட்டமாகச் சண்டை பிடிக்கிறாள்.

'பின்னால் போகும் வாக்கியம்' படித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகப் போகிறது.

உன்,
சில்லு

29 மார்ச்

அன்புள்ள சில்லுவுக்கு,

நீ 'நன்றாகப் போகிறது' என்று எழுதிய புத்தகத்தை நான் மூன்று முறை படித்துவிட்டேன். எந்த இடத்தில் இருக்கிறாய் என்று தெரியவில்லை, அதனால் முடிவைச் சொல்லிக் கெடுத்தால் மன்னித்துக்கொள்.

அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கடந்த காலத்துக்கு அனுப்பும் உரிமை இருக்கிறது. கதாநாயகி பாலத்தின் கதவைத் திறந்து மூடுகிறவள். ஒரு நாள் தவறான நேரத்தில் திறந்துவிடுகிறாள், பதினோரு பேர் போய்விடுகிறார்கள். சரி, எச்சரிக்கை அனுப்பிக் காப்பாற்றப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அனுப்பிய வாக்கியம் நம்முடைய நேற்றுக்குப் போகாதாம். வேறொரு உலகத்தின் நேற்றுக்குத்தான் போகுமாம். அங்கே பதினோரு பேரும் பிழைப்பார்கள். இங்கே ஒன்றும் மாறாது. இங்கே அவள் குற்றவாளியேதான், செத்தவர்கள் செத்தவர்களேதான். அனுப்பிப் பயன் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் அனுப்புகிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். சலவைக்கூடத்தில் என் பக்கத்தில் இஸ்திரி போடுகிறவள், என் அறையிலேயே இருப்பவள், பயந்துபோய்க் காவலரைக் கூப்பிட்டுவிட்டாள். எனக்கு அந்தக் குழந்தையின் அம்மா ஞாபகம். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே நிற மூடி. அந்த அம்மா 'நன்றிங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வருடமாக அந்த 'நன்றிங்க' என் காதில் இருக்கிறது, உனக்கு இதுவரை சொன்னதில்லை.

என் பட்டியல்: முதலில் பின்னால் போகும் வாக்கியம், பிறகு மரங்கள், கடலடி நகரம் (உனக்காக மூன்றாவது), விண்கப்பல், கடைசியில் டிராகன்.

என் இரண்டு வரி இது. ஒரு எழுத்தும் மாற்றாதே:

'என் கையால் தவறான மருந்து வாங்கிப்போன ஒரு குழந்தை இறந்தது, அதற்காக நான் சிறையில் இருக்கிறேன். செய்ததை மாற்ற முடியாதபோதும் செய்ய வேண்டியது மீதி இருக்கிறது என்று எனக்குச் சொன்ன ஒரே புத்தகம் இது.'

ஐந்து நாள் யோசித்து எழுதினேன். அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இன்னொரு செய்தி. ஆகஸ்ட் கடைசியில் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள். வெளியே எங்கே தங்கப் போகிறேன் என்று ஜூன் முப்பதுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். உன் வீட்டு முகவரியைத்தான் போடப் போகிறேன். அந்தச் சின்ன அறையில் உன் துணிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வை.

அன்புடன்,
அக்கா

22 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு,

முடிவு சொல்லிவிட்டார்கள். கடலடி நகரம் ஜெயித்தது. உன் நாவல் இரண்டாவது, மூன்று புள்ளி வித்தியாசத்தில் போய்விட்டது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

உன் இரண்டு வரியைச் செயலாளர் படித்தார். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

'பின்னால் போகும் வாக்கியம்' எழுதியவரும் வந்திருந்தார். முதல் புத்தகமாம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, சட்டைப் பையில் திருப்புளி செருகியிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து வைக்க உதவிவிட்டுப் போனார்.

மே மாதம் பார்க்க வர முடியாது போலிருக்கிறது. கடையில் கண் பரிசோதனை முகாம். கோபித்துக்கொள்ளாதே.

உன்,
சில்லு

5 மே

என் கண்ணு சில்லுவுக்கு,

தோற்றால் என்ன? கை தட்டினார்கள் என்று எழுதினாயே, அது போதும். உன் கடிதத்தை அறையில் நின்றுகொண்டே படித்தேன். இஸ்திரிக்காரி தன் பங்கு பிஸ்கட்டை எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்தாள். தபால் சோதிக்கும் அம்மாவுக்கும் எல்லாம் தெரியும், என் கடிதத்தையும் உன் கடிதத்தையும் முதலில் படிப்பதே அவர்தானே. வராந்தாவில் என்னை நிறுத்தி, "நாப்பது பேர் கேட்டாங்களாமே" என்றார். அந்த நாவலை மறுபடி சோதிக்கிறேன் என்று வாங்கிப் போய் இரண்டு வாரமாகத் தன்னிடமே வைத்திருக்கிறார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இங்கே எனக்கு ஒரு எண் இருக்கிறது, ஓட்டு கிடையாது. தேர்தலில் கிடையாது, சாப்பாட்டில் கிடையாது, விளக்கை எப்போது அணைப்பது என்பதில் கிடையாது. உங்கள் வட்டத்தில் ஒரு ஓட்டு இருந்தது. முன்பின் பார்க்காத நாற்பது பேர் நான் யார் என்று தெரிந்தே கை தட்டினார்கள். ஆகஸ்டில் வெளியே வர எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது, உனக்குத் தெரியாது. இப்போது அந்தப் பயம் பாதியாகிவிட்டது.

அந்த லிஃப்ட்காரருக்கு ஒரு கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். என் வரிகளை அவர் காது கொடுத்துக் கேட்டிருப்பார், அதனால் நான் யாரென்று விளக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன். மறக்காமல் கொடு.

நீ முடிவு வரை படித்துவிட்டாயா? ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே. முகாம் முடிந்ததும் வா.

அன்புடன்,
அக்கா

2 ஜூன்

அக்காவுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன்.

உன் வரிகளை யாரும் படிக்கவில்லை. நான் கொடுக்கவே இல்லை.

வீடு மாறி இந்த வட்டத்தில் சேர்ந்த புதிதில், அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். கப்பலில் மருந்தாளர், கரைக்கு வருவது அபூர்வம் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. பிறகு அதையே எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கடை முதலாளியிடம், கீழ்வீட்டுக்காரரிடம், எல்லோரிடமும். டீச்சர் மாதா மாதம் 'அக்கா இப்ப எந்தக் கடல்ல?' என்று கேட்பாள். நானும் ஏதாவது ஒரு கடலைச் சொல்வேன்.

உன் வரிகள் வந்ததும் கடிதத்தை மடித்து ஒளித்து வைத்தேன். உன் பட்டியலை அப்படியே வைத்துவிட்டு வரிகளை மட்டும் மாற்றலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த நாவலைப் பற்றி இரண்டு வரி எழுத எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் அதைப் படிக்கவே இல்லை. முதல் அத்தியாயத்தில் பாலக் கதவு திறந்ததும் மூடி வைத்தவள்தான். படித்தால் உன் முகம் வந்துவிடும் என்று பயம். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியது பொய். அதனால் என் பட்டியலையே உன் பெயரிலும் எழுதினேன். கடலடி நகரம் முதலில். உன் நாவலுக்குக் கோடு. 'விறுவிறுப்பான நடை, எதிர்பாராத திருப்பங்கள்' என்று உன் பெயரில் எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அதைத்தான் படித்தார். யாரும் கை தட்டவில்லை, அப்படிப்பட்ட வரிக்கு யார் தட்டுவார்கள்?

மூன்று புள்ளியில் தோற்றது. உன் ஐந்து புள்ளி விழுந்திருந்தால் அந்த லிஃப்ட்காரர் ஜெயித்திருப்பார். அவர் நாற்காலி மடித்துக்கொண்டிருந்தபோது நான் மாடிப்படியில் இறங்கி ஓடிவிட்டேன். உன் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. முகாம் என்று எதுவும் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வரவில்லை.

நீ பிஸ்கட்டைப் பற்றி எழுதியிருந்தாயே அக்கா. அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன திட்டினாலும் திட்டு.

சில்லு

14 ஜூன்

சில்லுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதைத் தபால் சோதிக்கும் அம்மாவும் படித்திருக்கிறார். உறையைக் கொடுக்கும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறையில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

விருது போனதில் வருத்தம்தான். ஒரு மனிதர் பல வருடம் உட்கார்ந்து எழுதியதை நீ ஒரு கோட்டில் முடித்துவிட்டாய். ஆனால் அது மட்டும் என்றால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

வழக்கு நடந்தபோது வக்கீல் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "மூடி நிறத்தைச் சொல்லிக் கம்பெனி மேல போட்டுடலாம், நீங்க வாயத் திறக்காம இருங்க" என்றார். நான் எழுந்து நின்று, கொடுத்தது நான்தான், பார்க்காமல் கொடுத்தேன் என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அதைத்தான் நீ கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டாய்.

கடலிலிருந்து வந்த அக்காவாக என்னால் உன் வீட்டில் இருக்க முடியாது. டீச்சர் வந்து அலை எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? மீதிக் காலம் முழுக்க உன் பொய்யை நான் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அதற்கு இங்கேயே இருந்துவிடலாம். இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

திட்டச் சொன்னாய். இவ்வளவுதான் வருகிறது.

அக்கா

8 ஜூலை

அன்பு அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஜூலைக் கூட்டம் நேற்றுத்தான். அதற்காகவே காத்திருந்தேன், அதனால்தான் இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. வெறும் வாக்குறுதியாக எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்று நினைத்தேன். செயலாளர் அடுத்த புத்தகத்தை அறிவிக்கும் முன் எழுந்து நின்றேன். கப்பல் எதுவும் இல்லை என்றேன். நீ எங்கே இருக்கிறாய், ஏன் இருக்கிறாய் என்று சொன்னேன். உன் இரண்டு வரியை, ஒரு எழுத்தும் மாற்றாமல், உன் கையெழுத்திலிருந்தே படித்தேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தேன்.

கை தட்டல் எதுவும் இல்லை அக்கா. இனிமேல் உனக்கு நடந்ததைத்தான் எழுதுவேன். ஒருவர் எழுந்து போய்விட்டார். டீச்சர், "அப்ப நான் கேட்ட கடலெல்லாம்?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "முடிவை மாத்த முடியாதும்மா. ஆனா நடந்தது என்னன்னு ஏட்டுல எழுதி வைக்கிறேன்" என்றார். எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். என்னை ஒரு வருடத்துக்கு ஓட்டுப்போட விடமாட்டார்கள். உன் ஓட்டு இருக்கிறது.

லிஃப்ட்காரர் வேலை செய்யும் கட்டடத்தைக் கண்டுபிடித்து இன்று காலையில் போனேன். உன் கடிதத்தைக் கொடுத்து, செய்ததைச் சொன்னேன். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்று படித்தார். ஜெயிக்க வேண்டியவர் நீங்கள்தான் என்றேன். "அது போகட்டும். இதை நான் வச்சுக்கலாமா?" என்று உன் கடிதத்தைக் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தையும் ஆறுதல் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மாலையில் கீழ்வீட்டில் சொன்னேன். கடையில் நாளை சொல்வேன்.

நாவலைப் படித்து முடித்தேன். அவள் வாக்கியத்தை அனுப்பும் பக்கத்தை உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும், எழுத வரவில்லை.

சின்ன அறையைக் காலி செய்துவிட்டேன். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் நானே வாசலுக்கு வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன். வருவாய்தானே?

உன்,
சில்லு

20 ஜூலை

அன்புள்ள சில்லுவுக்கு,

உன் கடிதத்தை அறையில் முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். பழைய பொய்யையும் சொன்னேன். இஸ்திரிக்காரி உன்னை நன்றாகத் திட்டினாள். பிறகு, "என் தங்கச்சி கடுதாசே போடல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ எழுந்து நின்ற பகுதியை எனக்காக இன்னொரு தடவை படித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் படிவத்தை ஜூன் இருபத்தெட்டாம் தேதியே கொடுத்துவிட்டேன். உன் முகவரியைப் போடவில்லை. விடுதலையாகும் பெண்களுக்கு நகரத்தில் ஒரு விடுதி இருக்கிறது, அதைப் போட்டேன். அதுவரை உன்னிடமிருந்து பதிலே இல்லை. கோபத்தில்தான் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இப்போது மாற்ற முடியாதாம், ஆறு மாதம் அங்கேதான் இருந்தாக வேண்டும். ஆகஸ்டில் அவர்கள் வண்டியே வந்து அழைத்துப் போகும். நீ வாசலுக்கு வர வேண்டாம், வந்தாலும் நிற்க விடமாட்டார்கள். கட்டிலை எடுத்துவிடாதே, அப்படியே கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வரலாம். கண்ணாடி கிடையாது, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும்தான். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம் என்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.

வாசலில் ஒரு பதிவேடு இருக்குமாம். பெயர், முகவரி, உறவு. இங்கேயும் அப்படி ஒன்று இருக்கிறது. நீ வந்த ஒவ்வொரு தடவையும் உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். காவலர் எங்கள் அறை வாசலில் நின்று, "உன்னைப் பாக்கத் தெரிஞ்சவங்க வந்திருக்காங்க" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். இருபத்து மூன்று தடவை அப்படிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தேன்.

விடுதியில் என்ன எழுதப் போகிறாய் என்று எனக்கு இப்போது எழுதி அனுப்ப வேண்டாம். கூப்பிடும்போது கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா